உன் கழுத்துத் தழும்பை நான் ஏன் அழிக்கவில்லை

என் மகனுக்கு,

நீ கொழும்பிலிருந்து கொடுத்துவிட்ட படம் மடியாமல், நனையாமல் வந்து சேர்ந்தது. நல்ல படம். தலையைச் சீப்பால் ஒழுங்காக இழுத்திருக்கிறாய், சட்டையை அயன் பெட்டியால் மினுக்கியிருக்கிறாய், அதிசயமாகச் சிரித்தும் இருக்கிறாய். கனடாவிலிருந்து சின்னம்மா கொண்டுவந்திருக்கும் சம்பந்தத்துக்கு இதைவிட வேறு படம் தேவையில்லை. போன ஞாயிறு தொலைபேசியில் நீ சொன்னது மட்டும்தான் என் காதுக்குள் கிடந்து குடைகிறது. "அம்மா, கழுத்தை மட்டும் கொஞ்சம் துப்புரவாக்கிப்போட்டுச் சின்னம்மாவுக்கு அனுப்புங்கோ. நீங்கள் செய்யாத வேலையே?" என்றாய். நான் "ஓம், பாப்பம்" என்று சொல்லி வைத்தேன். என் வயிற்றில் பிறந்த உனக்கு என் "பாப்பம்" என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். நான் அதைச் செய்யப்போவதில்லை. ஏன் என்று தொலைபேசியில் சொல்ல ஏலாது. நீ நடுவில் புகுந்து வழக்குப் பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் உன்னால் கதைக்க முடியாது.

நீ செய்யச் சொன்ன வேலை எனக்கு எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியும். சமாதான காலத்தில் பாதை திறந்ததும், ஊர்காவற்றுறைச் சந்தியில் அந்தச் சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, பழைய கொம்பியூட்டர் ஒன்றும் ஸ்கானர் ஒன்றும் வாங்கிப் போட்டபோது, அப்பா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தத் தீவுகளில் யாருடைய வீட்டிலும் முழுசான படம் ஒன்று இருக்கவில்லை. ஓடி ஓடித் திரிந்த சனம். படங்கள் பெட்டிக்குள் ஈரம் குடித்து, கண்ணாடியோடு ஒட்டி, கறையான் தின்று, மூக்கில்லாமலும் வாயில்லாமலும் வரும். நான் ஸ்கானர் கண்ணாடியை வேட்டித் துணியால் துடைத்து, படத்தைக் குப்புறப் போட்டு மூடுவேன். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் மெதுவாக ஊர்ந்து போகும். பிறகு மவுஸைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துத் தோலில் கொஞ்சம் எடுத்து ஓட்டையில் ஒட்டி, அடுத்த கண்ணைப் பார்த்து இந்தக் கண்ணைச் செய்து, முழு மனிசராக்கிக் கொடுப்பேன். அடையாள அட்டைப் படத்தில் விழுந்த முத்திரையை எடுத்து, செத்தவருக்கு நினைவு அட்டை அடித்துக் கொடுத்தேன். பெனியனோடு நின்ற கடற்றொழிலாளிக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுவிட்டேன். புருசன் சுவிசில், பெண்சாதி பக்கத்துக் கரம்பொனில், இரண்டு படத்தையும் ஒன்றாக்கித் தோளோடு தோள் நிற்க வைத்தேன். அந்தப் பெண் அதைப் பார்த்து அழுததை நான் இன்றைக்கும் பெருமையாகத்தான் நினைக்கிறேன். என் தொழிலில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு, அம்மா மனம் உடைந்துபோய்க் கடையைப் பூட்டப்போகிறா என்று நீ பயப்படக்கூடாது.

அந்த ஸ்கானரில் நான் முதன்முதல் வைத்துப் பழகிய படம் எது தெரியுமா? உன் புதுநன்மைப் படம், கோயிலில் நீ முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்தது. வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுதிரி, காலரையும் தாண்டிக்கொண்டு கழுத்தில் அந்தச் சூட்டுத் தழும்பு. விற்றவர் வந்து மவுஸை எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டுப் போன அன்றே, நான் தனியே இருந்து அந்தத் தழும்பை அழித்தேன். யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. அழித்து முடித்ததும் நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆனால் அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான், அதற்குப் பிறகு கடைக்கு வந்த யாருடைய முகத்திலும் மச்சமோ வெட்டோ பள்ளமோ இருக்க விட்டதில்லை. கேட்டவர்களுக்கும் செய்தேன், கேளாதவர்களுக்கும் செய்தேன். எல்லோரும் "நல்லாயிருக்கு" என்றுதான் சொன்னார்கள்.

இனி மண்டைதீவுத் திரேசம்மா அக்காவின் கதைக்கு வருகிறேன். உனக்கு அவவைத் தெரியாது. நீ கொழும்புக்குப் போகிற வருசம், அவவின் மகன் அமலன் பட்டணத்தில் எடுத்த படம் ஒன்றோடு, தாயையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தான். அவனுக்கும் உன்னைப்போலச் சம்பந்தம்தான். படத்தைப் பெரிதாக்கி நாலு பிரதி வேண்டும் என்றான். கன்னத்திலிருந்து தாடை வரை ஒரு தழும்பு இருந்தது. வலையில் கிடந்த திருக்கை மீனைக் கழற்றும்போது அது வாலால் அடித்த அடையாளம். நான் வேலை செய்த நேரம் முழுவதும் அவன், படம் எடுக்க வருபவர்களுக்காக நான் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை இழுத்துக்கொண்டிருந்தான். படம் எடுத்து முடிந்த பிறகு தலை இழுத்து என்ன பயன் என்று நான் பகிடி பண்ணினேன். பகிடி பண்ணிப் பண்ணி, கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, படத்தில் இருந்த தழும்பை அழித்தேன். தாய் கைதட்டாத குறை. நான் செய்த பிழை ஒன்று அங்கேயே நடந்தது. துப்புரவாக்கிய படத்தைப் பழைய படத்தின் மேலேயே, அதே பெயரில் சேமித்து வைத்தேன். கொம்பியூட்டரில் இடம் காணாது. அப்போது அது ஒரு பெரிய விசயமாகத் தெரியவில்லை.

அடுத்த வருசம் சண்டை திரும்பவும் தொடங்கி, மண்டைதீவுப் பக்கம் ஷெல் விழுந்தபோது, அந்தக் குடும்பம் உடுத்த உடுப்போடு கரம்பொனுக்கு ஓடி வந்தது. வீட்டிலிருந்த படம் எல்லாம் போய்விட்டது. செபப் புத்தகத்துக்குள் திரேசம்மா அக்கா வைத்திருந்த என்னுடைய பிரதி ஒன்றுதான் மிச்சம். அடுத்த மாதம் பட்டணத்துக்கு மருந்து வாங்கப் போன அமலன் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் தெரியும். போனான், வரவில்லை. அந்த நாட்களில் இப்படிப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உன்னைக் கொழும்பிலேயே இரு, வராதே என்று நான் கத்தியது அதற்காகத்தான்.

காணாமல் போனவர்களைப் பதிகிற அலுவலகத்துக்குத் திரேசம்மா அக்கா அந்தப் படத்தோடு போயிருக்கிறா. அங்க அடையாளம் என்ன என்று கேட்டு எழுதியவர், படத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்லுவது ஒன்று, இதில் இருப்பது ஒன்று, தழும்பு தெரிகிற படம் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. அடுத்த நாள் விடியவே அக்கா என்னிடம் வந்தா. "பிள்ளை, நீர் முதல் மெசினில எடுத்த படம் உம்மட கொம்பியூட்டரில இருக்குமெல்லே? அதைத் தாரும்" என்றா. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் கைகாரி, கெட்டிக்காரி என்று சொல்கிற பொம்பிளை, மற்றவர்களின் பிள்ளை முகத்தை அழித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்லுவது? "இருக்கும் அக்கா, தேடி வைக்கிறன், நாளைக்கு வாங்கோ" என்றேன்.

அன்று கடைக் கதவைச் சாத்திவிட்டு இருந்து தழும்பைத் திரும்ப வரையத் தொடங்கினேன். மகனே, அழிக்கக் கால் மணித்தியாலம் எடுத்த ஒன்றை உண்டாக்க ஒரு பகல் முழுவதும் எடுத்தது. கையால் கீறினால் மைக் கோடுபோல் இருந்தது. கடைசியில் அலுமாரியைத் திறந்து உன் புதுநன்மைப் படத்தை எடுத்துத் திரும்ப ஸ்கானரில் வைத்தேன். உன் கழுத்துத் தழும்பின் ஓரத்தை மெல்லிய கோடாக வெட்டி எடுத்து, அமலனின் கன்னத்தில் ஒட்டினேன். உண்மைத் தழும்புபோலவே வந்தது, ஏனென்றால் அது உண்மைத் தழும்புதானே, ஆள்தான் வேறு. அடுத்த நாள் அக்கா வந்து படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா. அவவுக்குக் கண்ணில் வெண்படலம், பாதிதான் தெரியும். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஓம், இதுதான் என்ர பிள்ளை" என்று கும்பிட்டுவிட்டுப் போனா. நான் காசு வாங்கவில்லை. அதை ஒரு புண்ணியம்போல் நினைத்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

ஏழு மாதம் போனது. நெடுந்தீவில் மாடு வளர்க்கும் ஒருவர், தெற்கே ஒரு சிறையில் இருந்து விடுபட்டு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அக்கா அந்தக் கண்ணோடு தனியே போட் ஏறிப் போனா. திரும்பிய அன்று பஸ்ஸால் இறங்கி நேரே என் கடைக்குத்தான் வந்தா. கதிரையில் இருந்தா. படத்தை மேசையில் வைத்தா. நடந்ததைச் சொன்னா. அந்த மனிசர் படத்தைக் கண்டதும் முதலில் முகம் மலர்ந்தாராம். வழக்குக்குக் கொண்டு போகிற வாகனத்தில் இரண்டு தரம் பக்கத்தில் இருந்த பெடியன்போல் கிடக்கிறது, பெயர் தெரியாது என்றாராம். பிறகு திரும்ப உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாராம். அந்தப் பெடியனுக்கு இடக் கன்னத்தில் தழும்பு, இரண்டு தரமும் நான் அவனுக்கு இடப்பக்கம்தான் இருந்தனான், எனக்கு வடிவாகத் தெரியும், இவன் வேறு ஆள் என்று சொல்லிவிட்டாராம். அக்கா அழவில்லை. "வேற ஆரோவாம், பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டா.

செம்பில் தண்ணீர் வார்த்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு எதிரே சுவரில் அந்தக் கண்ணாடி. அமலன் நின்று தலை இழுத்த கண்ணாடி. படத்தில் இருந்ததை நான் அழித்துவிட்டேன். என் நினைவில் நின்றது கண்ணாடியில் பார்த்த முகம். கண்ணாடியில் பார்த்த பக்கத்திலேயே தழும்பை ஒட்டியிருக்கிறேன். வலக் கன்னத்தில்.

என் மூளை எவ்வளவு கெதியாக வேலை செய்தது என்பதையும் உனக்கு ஒளிக்கப்போவதில்லை. "அக்கா, ஸ்கானரில படம் பக்கம் மாறி விழுந்திட்டுது, மெசினின்ர பிழை, திருத்தித் தாறன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவவுக்கு மெசின் தெரியாது, நம்பியிருப்பா. என் பெயரும் காப்பாற்றப்பட்டிருக்கும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த மனிசி ஏழு மாதமாக உன் தழும்பைத் தடவித் தடவித் தன் பிள்ளை என்று நினைத்துச் செபம் சொல்லியிருக்கிறா. அதற்கு மேல் இன்னொன்றை அவவின் கையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா, முதல் படம் என்னட்ட இல்லை. நான் அழிச்சுப்போட்டன். இந்தத் தழும்பு நான் ஒட்டினது. பக்கம் மாறி ஒட்டிப்போட்டன்" என்றேன்.

அவ செம்பை மேசையில் வைத்தா. திட்டுவா, செம்பைத் தூக்கி எறிவா என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் வாங்கியிருப்பேன். அவ என் பக்கம் திரும்பி, மிக மெதுவாகக் கேட்டா.

"அப்ப, நெடுந்தீவார் சொன்ன பெடியனுக்கு இடக் கன்னத்திலதானே?"

"ஓம் அக்கா."

"அப்ப அது என்ர பிள்ளைதான். அவன் இருக்கிறான்."

எழும்பிச் சேலையை உதறிக் கட்டினா. நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வாரும் என்றா. நான் வருகிறேனா என்று கேட்கவில்லை, வரச் சொன்னா. அன்றைக்கே அவவைப் பக்கத்தில் இருத்தி, அவ தன் கன்னத்தில் விரலால் இழுத்துக் காட்டக் காட்ட, தழும்பைச் சரியான பக்கத்தில் வைத்தேன். படத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: தழும்பு நான் வைத்தது, தாய் சொன்னபடி. கீழே கையெழுத்தும் போட்டேன். அன்றிலிருந்து என் கடையில் இதுதான் வழக்கம். எதைத் தொட்டாலும் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். கோட்டு என்னுடையது, இடது கண் வலது கண்ணைப் பார்த்துச் செய்தது, இருவரும் ஒன்றாக நின்றதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

குறிகாட்டுவான் துறையில் ஆமிச் சோதனை முடிந்து போட் ஏறி, பாதிக் கடலில்தான் அக்கா வாய் திறந்தா. "ஏழு மாசம், பிள்ளை" என்றா. நெடுந்தீவில் அந்த மனிசர் பட்டிக்குள் நின்று மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். உள்ளங்கையால் அமலனின் வலக் கன்னத்தை மறைத்து, தான் வாகனத்தில் கண்ட இடப்பக்கத்தை மட்டும் பார்த்தார். படத்தைத் திருப்பி நான் எழுதியதையும் வாசித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அக்காவிடம், "இவன்தான் அம்மா" என்றார்.

கோயில் பங்குச் சாமியாருக்குச் சொல்லி, அவர் கடிதம் எழுதி, ஒரு வழக்கறிஞர் தேடி, கொழும்புக்குப் போய், அது எல்லாம் நீண்ட அலைச்சல். அதில் அரைவாசிக்கு நானும் கூடப் போனேன். கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கு ஏன் வருகிறீர்கள் என்று நீ அப்போது கேட்டபோது, மருந்து எடுக்க என்று சொன்னது பொய். இந்த வருசம் பிறந்துதான் அவனை விட்டார்கள். போன மாதம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க என் கடைக்கு வந்தான். மெலிந்து, முன்தலை மயிர் கொட்டி, ஆனால் அவன்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை இழுத்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கொம்பியூட்டரில் படம் வந்ததும், பழக்கதோசம் பார், என் மவுஸ் தானாகக் கன்னத்துக்குப் போனது. பின்னால் நின்றவன் மெல்லச் சொன்னான். "அன்ரி, அதில கை வைக்காதேங்கோ. அம்மா என்னைக் கண்டதும் முதல் தடவிப் பாத்தது அதைத்தான்."

இப்போது உன் கழுத்துக்கு வருகிறேன். உனக்கு இரண்டு வயது. நீ குழப்படி செய்து, அடுப்பில் இருந்த கஞ்சிப் பானையை இழுத்து மேலே கொட்டிக்கொண்டாய் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். அப்பாவுக்கும் அதைத்தான் சொன்னேன். அவர் கடலால் வந்து, புண்ணுக்கு மருந்து போட்டபடியே "குழப்படிக்காரன்" என்று உன்னை ஏசினார். அந்தப் பெயர் உன்னோடு பள்ளிக்கூடம் வரை வந்தது. மகனே, நீ எதையும் இழுக்கவில்லை. பானையை இறக்கிக் குசினி நிலத்தில் வைத்துவிட்டு, வேலியடியில் நின்று பக்கத்து வீட்டு மனிசியோடு சேலைக் கதை கதைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னிடம் வரத்தான் தத்தித் தத்தி நடந்து வந்தாய். இடையில் பானை இருந்தது. பிழை முழுக்க என்னுடையது. முதல் நாளே நான் உன் படத்தில் அந்தத் தழும்பை அழித்தது உன்னை வடிவாக்க இல்லை. என் பிழையைக் காணச் சகிக்காமல்தான்.

நேற்று இதை அப்பாவுக்கும் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மனிசர் தலை நிமிரவே இல்லை. "எனக்கு அப்பவே தெரியும். அந்த அடுப்பு உயரத்துக்கு ரெண்டு வயசுப் பிள்ளைக்குக் கை எட்டாது" என்றார். பிறகேன் பிள்ளையை ஏசினீர்கள் என்று கேட்டேன். "உன்னை ஏச ஏலாமல்தான்" என்றார். இருபத்தைந்து வருசமாக மூன்று பேருக்கும் நடுவில் இந்தக் கதையைத் தூக்கிச் சுமந்தவன் நீ ஒருவன்தான். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ கலியாணம் செய்யப்போகிறாய். ஒன்றை மட்டும் கேள். நாளைக்கு உனக்கும் அவளுக்கும் நடுவில் பிழைகள் வரும், வராத வீடு இல்லை. அதை வைத்துக்கொண்டு வாழலாம், பகிடி பண்ணலாம், சண்டையும் பிடிக்கலாம். ஆனால் பழையதன் மேலேயே புதியதை எழுதிச் சேமிக்காதே. ஒருநாள் ஒருத்தருக்கு அந்தப் பழையது தேவைப்படும்.

உன் படத்தை முந்தாநாள் ஸ்கான் செய்து, ஒரு புள்ளி தூசியைக்கூடத் தொடாமல் சின்னம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். இன்று காலை சின்னம்மா எடுத்துக் கதைத்தா. பெண்ணுக்குப் படம் பிடித்திருக்கிறதாம். கழுத்தில் என்ன என்று மட்டும் கேட்டாளாம். சின்னம்மா வழக்கம்போல, சின்ன வயதில் அவன் சரியான குழப்படி என்று சொல்லத் தொடங்கியிருக்கிறா. நான் மறித்துவிட்டேன். அதை அவனே சொல்லட்டும் என்றேன். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை உன்னோடு தொலைபேசியில் கதைப்பாள். கேட்டால் சொல்லு: நான் அம்மாவிடம் போய்க்கொண்டிருந்தேன், அம்மா பார்க்கவில்லை என்று.

அம்மா